வாசலில் தொங்கிய ஆறு முழ விரால்

முன்னொரு காலத்திலே, ராஜாக்களுக்கு வேலை கொஞ்சமாகவும் ஆசை நிறையவும் இருந்த நாளிலே, ஒரு நாட்டைச் சிகாமணி மகாராஜா என்பவர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் தூண்டில் பைத்தியம்! சபையில் வழக்கு நடக்கும்போதுகூட அவர் கை செங்கோலைத் தூண்டில் கழி மாதிரி மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கும்.

அந்தச் சபையில் நெட்டிலிங்கம் என்று ஒரு விகடகவி இருந்தான். பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. ஆள் குட்டை, சிம்மாசனத்துக்குப் பின்னால் நின்றால் குடுமி மட்டும்தான் தெரியும். ஆனால் ராஜா எதற்கெடுத்தாலும், "நெட்டிலிங்கம், நீ என்ன சொல்கிறாய்?" என்று அவனைத்தான் கேட்பார். இது தானாதிபதி வரகுணருக்கும் சேனாதிபதி புலிமுகருக்கும் பொறுக்குமா? இருவரும் உள்ளுக்குள்ளே வெந்துகொண்டிருந்தார்கள்.

ஒருநாள் ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. "ஆற்றுக்கு அக்கரையை ஆளும் ராணியின் நாட்டில் ஒரு ஏரி இருக்கிறதாமே! அங்கே விரால் துள்ளுகிற சத்தம் வீதி வரைக்கும் கேட்குமாமே! உடனே புறப்படுங்கள்!" என்றார்.

புறப்பட்டார்கள். ராஜா, வரகுணர், புலிமுகர், தூண்டில் இரைக்கான தவளைப் பானையைத் தூக்கிக்கொண்டு நெட்டிலிங்கம். ஏரிக்கரையில் அலர்மேலம்மை என்ற அதிகாரி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு அளவுகோல். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

"வருக மகாராஜா. வெளிநாட்டார் இங்கே மீன் பிடிக்க வேண்டுமானால் அனுமதிக்கு அடையாளமாக ஒரு செப்பு வில்லை வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வில்லைக்கு ஒரு தூண்டில். வலை கூடாது. ஒரு முழத்துக்குக் குறைந்தது குஞ்சு மீன், விட்டுவிட வேண்டும். இரண்டு முழத்துக்கு மேற்பட்டது தாய் மீன்; அதையும் விட்டுவிட வேண்டும். மீறினால், பிடித்தவர், தூக்கியவர், தின்றவர் எல்லாருக்கும் ஒரே தண்டனை. ஓராண்டு காலம் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஏரியில் பாசி வார வேண்டும்."

"நான் ராஜா அல்லவா, அம்மணி?" என்றார் சிகாமணி மகாராஜா.

"அதனால்தான் இவ்வளவு பொறுமையாகச் சொன்னேன், மகாராஜா."

வரகுணர் ஒரே ஒரு வில்லைதான் வாங்கினார். "அரசர் ஒருவர்தானே பிடிக்கப்போகிறார்? தவளைப் பானை தூக்குகிறவனுக்கு எதற்கு வில்லை?" என்று நெட்டிலிங்கத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அலர்மேலம்மை அளவுகோல் ஒன்றைக் கரையில் நட்டுவிட்டு, "நீங்களே அளந்துகொள்ளுங்கள், உங்கள் வார்த்தையை நம்புகிறோம்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

காலையிலிருந்து ராஜா உட்கார்ந்தார் உட்கார்ந்தார், ஒரு மீன் எட்டிப் பார்க்கவில்லை. கொசு கடித்தது, வெயில் கடித்தது, மீன் மட்டும் கடிக்கவில்லை. பொழுது சாய்கிற நேரம். தக்கை ஒரு துடி துடித்தது!

"அரசே, இழுங்கள்! இழுங்கள்!" என்று குதித்தார் புலிமுகர்.

"வாயை மூடும் ஐயா!" என்று ராஜா கிசுகிசுத்தார். "விரால் கவ்வினதும் இழுத்தால் நூல்தான் கையோடு வரும். விழுங்கட்டும்... விழுங்கட்டும்..." நூல் சர்ரென்று ஓடியது. "இப்போ!" என்று ஒரு சுண்டு சுண்டினார் பாருங்கள், விரால் வானத்தில் பளபளவென்று ஒரு கரணம் போட்டுக் கரையில் வந்து விழுந்தது. ராஜா மகுடத்தைக் கழற்றி எறிந்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிக் கூத்தாடினார். ஓடிப்போய்க் கோலில் வைத்து அளந்தார். ஒரு முழமும் நாலு விரலும். சட்டத்துக்கு உட்பட்ட, லட்சணமான விரால்!

அங்கேயே மண்சட்டியில் குழம்பு கொதித்தது. தலை வரகுணருக்கு, நடுத்துண்டு புலிமுகருக்கு, மிச்சமெல்லாம் ராஜாவுக்கு, வால் நெட்டிலிங்கத்துக்கு. மீன் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தின்ற மீனும் வளரும் என்பது தூண்டில்காரர்களுக்குத் தெரியும்.

மறுநாள் சபையில், "மீன் எவ்வளவு பெரிது அரசே?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். ராஜா கொஞ்சம் யோசித்து, "ஒன்றரை முழம் இருக்கும்" என்றார். மனித சுபாவம்தானே, விட்டுவிடுங்கள்.

வரகுணர் எழுந்தார். "அரசர் தன்னடக்கமாகச் சொல்கிறார். நான் கண்ணால் பார்த்தேன், மூன்று முழம்!"

புலிமுகர் சும்மா இருப்பாரா? "மூன்றா? நானும் தானாதிபதியும் கழியில் கட்டி, தோள் கொடுத்து அல்லவா தூக்கினோம்! என் தோள் இன்னும் வலிக்கிறது. ஆறு முழம்!"

ராஜாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நெட்டிலிங்கம், நீ என்ன சொல்கிறாய்?"

"வால் நல்ல ருசி, அரசே" என்றான் நெட்டிலிங்கம்.

"அளவைக் கேட்டேன்!"

"என் பங்குக்கு வந்த அளவுதானே எனக்குத் தெரியும்? அது ஒரு வாய்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. வரகுணர் காதோரம் குனிந்து, "பொறாமை அரசே, பொறாமை" என்று ஊதிவிட்டார். அவ்வளவுதான்! ராஜா கட்டளை போட்டார். ஆறு முழத்துக்கு மரத்தில் ஒரு விரால் செதுக்கி, வர்ணம் பூசி, கோட்டை வாசலில் தொங்கவிட்டார்கள். தாரை தப்பட்டை முழங்கியது, ஊரே வந்து வாயைப் பிளந்து பார்த்தது. பார்த்தவர்களில் அக்கரைப் படகுக்காரர்களும் இருந்தார்கள். செய்தி ஆற்றைத் தாண்டியது.

கொஞ்ச நாளில் அலர்மேலம்மையே வந்து நின்றாள். முதலில் வாசலில் தொங்கிய மரமீனைக் கோலால் அளந்தாள். பிறகு சபைக்குள் வந்தாள்.

"மகாராஜா, எங்கள் ஏரியில் ஆறு முழத் தாய் மீனைக் கொன்றிருக்கிறீர்கள். வாசலில் தொங்கவிட்டுக் கொண்டாடவும் செய்கிறீர்கள். பிடித்தவர் யாரோ அவரை நான் இன்றே அழைத்துப்போக வேண்டும். மறுத்தால் இரண்டு நாட்டுக்கும் நடுவே இனிப் படகு ஓடாது என்று எங்கள் ராணி சொல்லச் சொன்னார்."

ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. உண்மையைச் சொன்னால், சொந்தச் சபையிலே பொய்யர் என்று பெயர். சொல்லாவிட்டால், ஓராண்டு பாசி!

இந்த நேரத்துக்குத்தானே வரகுணர் காத்திருந்தார்! பணிவாக எழுந்தார். "அம்மணி, மீனைப் பிடித்தவர் அரசரே அல்லர். அரசர் சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் இந்த நெட்டிலிங்கம் தூண்டிலை எடுத்துவிட்டான். அவனிடம் வில்லைகூடக் கிடையாது!"

"ஆமாம், நானும் பார்த்தேன்" என்றார் புலிமுகர்.

நெட்டிலிங்கம் ராஜாவைப் பார்த்தான். ராஜா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இந்த இடத்தில் அந்த மனிதர்மேல் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நெட்டிலிங்கத்தின் கதி என்ன? யோசித்துப் பாருங்கள்! மற்றவர்களுக்குக் கழுத்தளவு தண்ணீர் என்றால் அவனுக்கு அது தலைக்குமேல் ஒரு சாண். நீச்சலும் தெரியாது. ஓராண்டு என்ன, ஒரு நாழிகை தாங்கமாட்டான். வீட்டில் அவன் பெண்டாட்டி பொன்னுருவி மத்தியானச் சாப்பாட்டுக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பாள். அந்த ரசம் இனிமேல் கிடைக்குமா என்று ஒரு தரம் நினைத்துப் பார்த்தான். ஒரு கனைப்புக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"அம்மணி, இவ்வளவு பெரிய மனிதர்கள் நான்தான் பிடித்தேன் என்று சொல்லும்போது நான் மறுக்கலாமா? வருகிறேன். ஆனால் மரமீனை வைத்து என்னைத் தண்டிப்பது முறையா? மரத்தை நான் ஏரியில் பிடிக்கவில்லையே. கண்ணால் பார்த்த சாட்சிகள் இருவர் இருக்கிறார்கள். மீன் எவ்வளவு நீளம் என்று அவர்களே கையால் காட்டட்டும், நீங்கள் அளந்துகொள்ளுங்கள்."

"நியாயம்தான். காட்டுங்கள்" என்றாள் அலர்மேலம்மை.

வரகுணர் இரண்டு கையையும் விரித்தார். போதவில்லை. புலிமுகர் பக்கத்தில் வந்து நின்று அவரும் விரித்தார். இருவரும் விரல் நுனியைக் கோத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, சபையின் குறுக்கே பந்தல் தோரணம் போல நின்றார்கள்.

"ஆகா! இவ்வளவு பெரிய மீனை நான் தனியாகத் தூக்கியிருக்க முடியாதே. தூக்கியது யார், சேனாதிபதி ஐயா?"

"நாங்கள்தான்! கழியில் கட்டித் தூக்கினோம் என்று அன்றைக்கே சொன்னேனே!"

"தலையைத் தின்றது?"

"நான்தான்" என்றார் வரகுணர் பெருமையாக.

நெட்டிலிங்கம் கையைக் கட்டிக்கொண்டான். "அம்மணி, உங்கள் சட்டத்தின் கடைசி வரியை இன்னொரு தரம் சொல்லுங்களேன். எனக்கு ஞாபகம் குறைவு."

"பிடித்தவர், தூக்கியவர், தின்றவர் எல்லாருக்கும் ஒரே தண்டனை" என்றாள் அலர்மேலம்மை.

அடடா, அப்போது அந்த இரண்டு முகத்தையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கோத்திருந்த விரல் பட்டென்று விட்டது. புலிமுகர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். வரகுணரின் கை மட்டும் அந்தரத்தில் தனியாக நின்றது.

"அந்தி நேரம் அம்மணி... கண் சற்று மங்கல்... மூன்று முழம் இருக்கலாம்" என்று கையைக் குறுக்கினார்.

அலர்மேலம்மை கோலை வைத்தாள். "தாய் மீன்தான். பாசி."

"இல்லை, இல்லை! இவ்வளவுதான்! ஒரு சாண்! சின்னக் குட்டி!" கை இரண்டும் ஒட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது.

"குஞ்சு மீனா? குஞ்சைக் கொன்றாலும் அதே தண்டனைதான்."

"ஐயையோ, குஞ்சு இல்லை!" கை விரிந்தது. "தாயும் இல்லை!" கை சுருங்கியது. விரிந்தது, சுருங்கியது. கொல்லன் துருத்தி தோற்றது போங்கள்! சபையில் ஒருவர் சிரிப்பை அடக்கப்போய்ப் புரையேறிவிட்டது. கடைசியில் அந்தக் கை ஓரிடத்தில் வந்து நின்றது. அலர்மேலம்மை கோலை வைத்தாள்.

"ஒரு முழமும் நாலு விரலும். இதுதான் அளவா? சத்தியமாகவா?"

"சத்தியமாக, அம்மணி!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

"அப்படியானால் மீன் சட்டத்துக்கு உட்பட்டது. அளவில் குற்றமில்லை." நெட்டிலிங்கம் பெருமூச்சு விடுவதற்குள் அவள் அவன் பக்கம் திரும்பினாள். "ஆனால் வில்லை இல்லாமல் பிடித்தாய். அதற்கு நீ வந்துதான் ஆக வேண்டும்."

வரகுணருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நெட்டிலிங்கமோ சிரித்தான்.

"வருகிறேன், அம்மணி. அதற்கு முன்னால் மீனை நான் பிடித்த அழகைச் சொல்லிவிடுகிறேன், சபையார் கேட்டுவைத்துக்கொள்ளட்டும். மீன் பிடிப்பது ஒரு வித்தையா என்ன? தூண்டிலைச் சும்மா தூக்கிப் போட்டேன். பாதித் தூக்கத்தில் இருந்தேன். தக்கை ஆடியதும் படக்கென்று இழுத்தேன்..."

சிம்மாசனம் லேசாகக் கிறீச்சிட்டது.

"...ஆடின நொடியே இழுத்தேன். வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். இதற்குப் போய் இந்த ராஜாக்கள் நாள் முழுக்க உட்கார்ந்து..."

"நிறுத்தடா!"

ராஜா எழுந்துவிட்டார். மகுடம் சரிந்து காதில் நின்றது. "ஆடின நொடியே இழுத்தால் விரால் வருமா? நூல்தான் வரும்! விழுங்க விட வேண்டும்! நூல் ஓடும், ஓட விட வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சுண்டு! நான் சுண்டினேன்! வெயிலில் காய்ந்து, கொசுக்கடி வாங்கி, நான் பிடித்தேன்! அது என் மீன்! ஒரு முழம் நாலு விரல்! என் மீன்!"

சபை அப்படியே அசந்துபோய்ப் பார்த்தது. ராஜாவும் தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டார்.

நெட்டிலிங்கம் கைகூப்பினான். "அம்மணி, பிடித்தவர் கழுத்தில் வில்லை இருந்தது. மீன் அளவும் சரி. இனி யார் பாசி வார வேண்டும்?"

"யாரும் வேண்டாம்" என்றாள் அலர்மேலம்மை. அந்த முகத்திலே, நம்பினால் நம்புங்கள், உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

அதைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் இறங்கிவந்து நெட்டிலிங்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னை நட்டாற்றில் விட்டேன், நெட்டிலிங்கம். வாய் திறக்க வெட்கப்பட்டேன். அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"அடுத்த முறை எனக்கும் ஒரு வில்லை வாங்கிக்கொடுங்கள், அரசே. வெறுங்கழுத்தோடு உங்கள் பக்கத்தில் நிற்கப் பயமாக இருக்கிறது."

"வாங்கினேன்! அந்த மரமீனை என்ன செய்யலாம்?"

"தாய் மீனைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பதுதானே சட்டம்? அக்கரை ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடலாம், அரசே. தூக்கிப் பழகின தோள் இரண்டு இங்கேயே இருக்கிறது."

அன்றைக்கு ஊர் கண்ட வேடிக்கையை என்னவென்று சொல்ல! ஆறு முழ மரவிராலைக் கழியில் கட்டி, முன்னால் வரகுணர், பின்னால் புலிமுகர், படகுத்துறை வரைக்கும் தூக்கிப்போனார்கள். புலிமுகருக்கு இந்தத் தடவை தோள் நிஜமாகவே வலித்தது. நெட்டிலிங்கம் முத்துமாலையோடு மத்தியான ரசத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தான்.

அடுத்த பருவத்தில் செப்பு வில்லை கட்டிக்கொண்டு அவனும் ராஜாவோடு போய் ஒரு விரால் பிடித்தானாம். எவ்வளவு பெரிதா? அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கதை சொல்கிறவன் கை, கேட்டதும் தானாக விரிந்துகொள்ளும்.