கைப்பிடிக்கு மட்டும் கேட்டது

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வருகிற தொடக்கப் பள்ளியில், ஒன்றாம் வகுப்பில், முன்னொரு காலத்தில் ஒரு நாற்காலி இருந்தது. வேங்கை மரம், அகலமான கைப்பிடி, நிமிர்ந்த முதுகு. மற்றவர்கள் எல்லாம் தரையில் இருக்க, அது மட்டும் மேடைமேல் நின்றது. கர்வத்துக்குக் கேட்கவா வேண்டும்!

ஆனால் அதற்கு ஒரு குறை. ஜெபராணி டீச்சர் அதில் உட்காரவே மாட்டார். காலையில் வந்ததும் பையையும் குடையையும் அதன் முதுகில் மாட்டுவார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்ப் பிள்ளைகளோடு கோரைப்பாயில் சம்மணம் போட்டுவிடுவார். சாயங்காலம் எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “யப்பா, ஏசுவே!” என்பார். அவ்வளவுதான் நாற்காலிக்கும் அவருக்கும் உள்ள பழக்கம்.

“என்னைய என்ன, சுவத்துல அடிச்ச ஆணின்னு நெனச்சுட்டாவளா?” என்று நாற்காலி பொருமும்.

“அண்ணாச்சிக்கு வயித்தெரிச்சலப் பாரு,” என்று பாய் சிரிக்கும். “அந்த அம்மாவுக்கு உக்கார எடமா வேணும்? பிள்ளைய மொகம்லா தெரியணும்.”

வகுப்பில் வடிவு என்று ஒரு பிள்ளை. சேர்ந்து நாலு மாதம் ஆகியும் வாயைத் திறக்கவில்லை. பெயர் என்ன என்று கேட்டால் பாவாடை நுனியைச் சுருட்டும். ஜெபராணி டீச்சர் ஒரு நாளாவது ‘பேசு’ என்று சொல்லவேண்டுமே! ம்ஹூம். பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டையை ஐந்தைந்தாக வைப்பார். வடிவும் வைக்கும். ஒரு நாள் அந்தச் சின்னக் கை பாதியில் நின்றது. பிள்ளை எட்டி டீச்சர் காதோரம் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு என்னவோ சொன்னது. டீச்சர் முகமெல்லாம் சிரிப்பு.

மேடையிலிருந்த நாற்காலிக்கு ஒன்றும் கேட்கவில்லை. “ஏட்டி பாயி, என்ன சொல்லிச்சு? சொல்லேன்!” என்று அது கெஞ்சியது.

“அவ வீட்டு ஆடு குட்டி போட்டிருக்காம். வெள்ளக்குட்டியாம்.”

“ப்பூ, இவ்வளவுதானா?”

“ஒங்களுக்கு இவ்வளவுதான். நாலு மாசம் பாயில கெடந்து வாங்கின வார்த்தை அண்ணாச்சி அது,” என்றது பாய்.

தை மாதத்தில் ஜெபராணி டீச்சருக்கு மாறுதல் வந்துவிட்டது. கடைசி நாள் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டவர், நாற்காலியின் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினார். “ஒரு நாளாவது ஒன்மேல உக்காந்திருக்கலாம். எங்க நேரம் கெடச்சுது?” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

அடுத்த திங்கட்கிழமை செல்வபாரதி டீச்சர் வந்தார். சின்ன வயசு. பயிற்சிப் பள்ளியில் முதல் மதிப்பெண். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்து, அதில் உட்கார்ந்தார். நாற்காலிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“பாத்தியாட்டி பாயி! மரியாதைன்னா இது!”

பாயின் நடுவில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. வடிவு அதற்குப் பக்கத்தில் தனியாகக் கொட்டை வைத்துக்கொண்டிருந்தது.

புது டீச்சர் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அடித்ததில்லை, திட்டினதில்லை. படம் வரைந்து ஒட்டினார், பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் எல்லாம் மேடையிலிருந்து. பிள்ளைகள் வரிசையாக மேடையடியில் வந்து நின்று நோட்டை மேலே நீட்டவேண்டும். நாற்காலிக்கு முதல் வாரம் பெருமையாக இருந்தது. இரண்டாம் வாரம்தான் ஒன்று உறைத்தது. இங்கிருந்து பார்த்தால் பிள்ளைகளின் உச்சந்தலை தெரிகிறது, வகிடு தெரிகிறது, பேன்கூடத் தெரிகிறது. முகம் தெரியவில்லை.

ஒரு நாள் காலை வடிவு வரிசையில் வந்து நின்றது. கையில் நோட்டு இல்லை. அழுது வீங்கிய கண். மேடையடியில் நின்றால் அதன் வாய் சரியாக நாற்காலியின் கைப்பிடி உயரத்துக்கு இருக்கும். பிள்ளை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதிலே வாயை வைத்து, மூச்சுக் காற்றாய்ச் சொன்னது.

“டீச்சர், ஆட்டுக்குட்டி செத்துப்போச்சு.”

“என்னம்மா? சத்தமா சொல்லு, கேக்கலை.”

வடிவு இன்னொரு தரம் சொல்லப் பார்த்தது. உதடு மட்டும் அசைந்தது.

“சரி, போய் உக்காரு. அப்புறமா சொல்லலாம். அடுத்தது யாரு?”

ஐயோ, நாற்காலி பட்ட பாடு! “செத்துப்போச்சாம்! குட்டி செத்துப்போச்சாம்! ஒரு எட்டு குனிஞ்சு கேளுங்கம்மா!” என்று அது உடம்பெல்லாம் முறுக்கிக் கத்தியது.

“இந்த நாற்காலி வேற, கிறீச் கிறீச்சுன்னு,” என்று டீச்சர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அன்றைக்கு மூடிய வாயை வடிவு அப்புறம் திறக்கவில்லை. புளியங்கொட்டையையும் தொடவில்லை. டீச்சர் ஒரு மாதம் பார்த்தார். உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து அந்த அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘இம்மாணவிக்குப் பேச்சு வரவில்லை. விடுதி வசதியுள்ள சிறப்புப் பள்ளியில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.’ அந்தப் பள்ளி நாற்பது மைலுக்கு அப்பால். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து கையெழுத்துப் போட்டால், ஆறு வயசுப் பிள்ளை அம்மாவை விட்டுப் போகவேண்டியதுதான்.

மதியம் டீச்சர் சாப்பிடப் போனதும் நாற்காலி, தன் முதுகில் தொங்கிய பைக்குள் இருந்த பழைய பாடக்குறிப்பு நோட்டைப் பிடித்துக்கொண்டது. டீச்சர் பயிற்சிக்காலத்தில் எழுதிய நோட்டு அது.

“ஏம்டே, ரெண்டு வருசம் ஒங்கூடத்தான படிச்சாவ? பிள்ளை மொகத்தப் பாத்துப் பேசணும்னு அதுல ஒரு வரி இல்லியா?”

நோட்டு பெருமூச்சு விட்டது. “என்னோட பன்னெண்டாம் பக்கத்தப் பாருங்க அண்ணாச்சி.”

பன்னிரண்டாம் பக்கத்தில் மை கரைந்து கிடந்தது. “அன்னைக்கு இந்த அம்மா தரையிலதான் உக்காந்து பாடம் நடத்தினாங்க. ஒரு பொடிசு மடியிலயே தூங்கிப்போச்சு. அதைத் தட்டிக்கொடுத்துக்கிட்டே மத்த பிள்ளைகளுக்குக் கதை சொன்னாங்க. பின்னால நின்னு பாத்த பெரியவர் செவப்புப் பேனாவை எடுத்தாரு. ‘ஆசிரியை தரையில் அமர்ந்தார். வகுப்புக் கட்டுப்பாடு இல்லை. இருபதுக்கு எட்டு.’ அன்னைக்கு அழுத அழுகைதான் இந்த மை. பதிமூணாம் பக்கத்துலருந்து எல்லாம் பதினெட்டு, பத்தொம்பது. நிமிந்து நிக்க மார்க் உண்டு, குரலுக்கு உண்டு, படத்துக்கு உண்டு. குனியுறதுக்கு அந்தத் தாள்ல ஒரு கட்டங்கூட கெடையாது.”

நாற்காலிக்கு டீச்சர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. தன்மேல்தான் அதற்கு வெறுப்பு வந்தது.

அதன் பின்னங்கால் ஒன்றில் பழைய விரிசல். எப்போதோ ஓர் ஆணி அடித்திருந்தார்கள். இத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காலை அது தாங்கிப் பிடித்திருந்தது.

“அண்ணாச்சி, கோட்டித்தனம் பண்ணாதீங்க. கால் போனா ஒங்களைய வெளிய தூக்கிப் போட்டுருவாவ,” என்றது பாய்.

“போட்டும்டி. நீ டீச்சரைப் பாத்துப் பிடிச்சுக்கோ, என்ன?”

புதன்கிழமை காலை செல்வபாரதி டீச்சர் உட்கார்ந்ததும் நாற்காலி பிடியை விட்டது. மடக்கென்று ஒரு சத்தம். டீச்சர் மேடையிலிருந்து சரிந்து பாயில் வந்து விழுந்தார். முழங்கை சிராய்ந்துவிட்டது. வலியிலும் வெட்கத்திலும் கண் கலங்க அப்படியே இருந்தார்.

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. வடிவுதான் மெதுவாகத் தவழ்ந்து வந்தது. அந்த முழங்கையைப் பிடித்து, ‘ஃபூ, ஃபூ’ என்று ஊதியது. பிறகு டீச்சர் காதோரம் இரண்டு கையையும் குவித்துக்கொண்டது.

“வலிக்குதா டீச்சர்? எங்க ஆட்டுக்குட்டி செத்துப்போச்சு டீச்சர். அதுக்கு நான் ஊதவே இல்ல.”

செல்வபாரதி டீச்சர் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். மணி அடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை. அன்று முழுக்க, வியாழக்கிழமையும் முழுக்க, பாயில்தான் வகுப்பு. வேப்பமரத்தடியில் விறகோடு விறகாகக் கிடந்த நாற்காலி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பூரித்துப்போனது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார் என்று தலைமை ஆசிரியர் ஓடி ஓடி ஒரு புது இரும்பு நாற்காலி கொண்டுவந்து மேடையில் போட்டார். “தரையில உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? உக்காருங்க டீச்சர்,” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். டீச்சர் பாயை ஒரு தரம் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அதிகாரி அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தார். “சார், அதை நான் திருப்பி வாங்கிக்கிறேன். வடிவு பேசுவா. என்கிட்ட பேசினா,” என்று டீச்சர் தடுமாறிச் சொன்னார்.

“அப்படியா, சந்தோஷம். பேசச் சொல்லுங்க, கேப்போம்.”

“வடிவு, பேரு சொல்லும்மா.”

வடிவு அண்ணாந்து பார்த்தது. அந்தக் காது மறுபடியும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டிருந்தது. பாவாடை நுனியைச் சுருட்டியது.

டீச்சருக்குத் தெரியும், இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பாதி எழுந்துவிட்டார். அப்போது அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிவப்புப் பேனா.

டீச்சர் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை வடிவின் அம்மா வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். கையில் ஒரு துணிப்பை. வேப்பமரத்தைத் தாண்டும்போது வடிவு குனிந்து விறகுக் குவியலில் கிடந்த கைப்பிடியில் வாயை வைத்து என்னவோ சொல்லிவிட்டுப் போனது. அதைக் கேட்டு நாற்காலி அழுதது.

வகுப்புக்குள் செல்வபாரதி டீச்சர் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று வெகுநேரம் எதையும் எழுதவில்லை. பிறகு வந்து உட்கார்ந்தார்.

புது நாற்காலிக்குப் பழையதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னது.

“அழாதீங்க அண்ணாச்சி. டீச்சரை நான் பாத்துக்கிடுதேன். நான் இரும்பு. என் காலு ஒரு நாளும் ஒடியாது.”