இசக்கி கேட்ட கேள்வி

சடையப்பருக்குத் தன் பிள்ளைகளைப் பற்றித் தலைகால் தெரியாத பெருமை. பெற்ற பிள்ளை ஒன்றே ஒன்றுதான், நாலு வயது வேலாயி. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்தவள். மற்றதெல்லாம் மடத்துப் பள்ளியில் அவரிடம் படிக்கிற வாண்டுகள். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேச அவர்களைப் பழக்குவது அவர் பொறுப்பு.

மடம் வாய்க்கால் கரையில் இருந்தது. தலைவி வடிவம்மை அவரைவிட ஏழு வயது இளையவர். வயது கிடக்கட்டும், அவரைத்தான் சடையப்பர் குருவாக ஏற்றிருந்தார்.

அன்று காலை குருவிடம் ஒரு குறையோடு போனார். எல்லாப் பிள்ளைகளும் படிந்துவிட்டார்கள். பேச வேண்டுமானால் வாய் பொத்தி நின்று, "அய்யா, ஒரு சேதி சொல்லட்டுமா?" என்று கேட்கிறார்கள். பெரியவர் சொல்லு என்றால்தான் வாயைத் திறக்கிறார்கள். இந்த இசக்கி மட்டும் அடங்க மாட்டேன் என்கிறாள். ஐந்து வயதுக்கு அத்தனை வாய். நேற்றுக்கூட வெயிலில் ஒற்றைக்காலில் நிறுத்தி வைத்தாயிற்று. இவளுக்கு எப்படித்தான் மரியாதையாகப் பேசச் சொல்லிக்கொடுப்பது?

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அடுத்த கட்டைப் பிரித்தார். சடையப்பர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கடுப்போடு திரும்பிப் போனார்.

உச்சி வேளையில் வேலாயியைக் காணவில்லை.

பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்களாம். ஆட்டம் முடிந்து எல்லோரும் வந்தார்கள், அவள் வரவில்லை. வாய்க்காலில் வேறு மூன்று நாளாக வெள்ளம். படித்துறையில் ஈரமாக ஒரு பிஞ்சுக் காலடி கிடந்தது. அதைப் பார்த்ததும் சடையப்பர் மேல்துண்டை வீசி எறிந்தார். யாருடைய காலடி என்று யோசிக்கவா முடியும் அந்த நேரத்தில்? தண்ணீரில் குதித்தார். மடத்து ஆட்கள் நாலு பேரும் குதித்தார்கள். வடிவம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையோரப் புதரில் தேடினார்.

சடையப்பர் மூச்சு வாங்கக் கரையேறி, மதகுப் பக்கம் போகச் சொல்லி ஆட்களை விரட்டினார். அப்போது இசக்கி வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் நின்றாள்.

"அய்யா, ஒரு சேதி சொல்லட்டுமா?"

"பெரியாள்க பேசிக்கிட்டு இருக்கோம்லா. தள்ளி நில்லு."

தள்ளி நின்றாள். அவர் மறுபடி முங்கினார். கைக்குச் சேறும் வேரும்தான் அகப்பட்டன. எழுந்து வந்தால் அதே இடத்தில் இசக்கி. அதே கேள்வி. ஏச்சு வாங்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். கால் மட்டும் நிலைகொள்ளவில்லை. மடத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாம் முறை கேட்டபோது சடையப்பர் கையை ஓங்கிவிட்டார். பெற்ற வயிறு எரிகிற நேரத்தில் இது என்ன சனியன் என்று கத்தினார்.

ஓங்கிய கையை வடிவம்மை பிடித்தார். பிடித்தபடியே குத்துக்காலிட்டு, குழந்தையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"சொல்லு தாயி."

இசக்கி சடையப்பரைப் பார்த்தாள். நேற்று வெயிலில் நின்ற கால் அல்லவா. அவர் தலையை ஆட்டும்வரை காத்திருந்தாள். பிறகுதான் கையை எடுத்தாள்.

"வேலாயி நெல்லுக் குதிருக்குள்ள ஒளிஞ்சா. மூடி விழுந்துட்டு. என்னால தூக்க முடியல."

சடையப்பர் ஓடிய ஓட்டத்தில் வேட்டி நழுவியதுகூடத் தெரியவில்லை. ஆள் உயரக் குதிர், ஏறிப் போக வாகாகப் பக்கத்தில் நெல் மூட்டைகள், மண்ணாலான கனத்த மூடி. தூக்கி எறிந்தார், அது உடைந்து சிதறியது. உள்ளே வேலாயி வாடிய கீரைத்தண்டாகச் சுருண்டு கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மேலே தூக்கினால் தலை தொங்கியது. வடிவம்மை குழந்தையை வாங்கிக் காற்றில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, நெஞ்சைத் தேய்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி தேய்த்தார். சடையப்பர் பக்கத்தில் உட்கார்ந்து ஊரில் உள்ள தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார்.

ஒரு இருமல் வந்தது. பிறகு அழுகை வந்தது. அப்படியொரு இனிமையான அழுகையை அவர் ஆயுசில் கேட்டதில்லை.

வெயில் தாழ்ந்தது. மகளைத் தாயிடம் விட்டுவிட்டு சடையப்பர் குருவிடம் வந்தார். காலில் விழுந்து எழுந்தார்.

"இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என் பிள்ளை எனக்கில்லை. தப்பு என் பாடத்துலதான் அம்மா. ஆபத்துன்னா கேட்காமலே சொல்லலாம்னு நாளைக்கே இசக்கிக்குச் சொல்லிக்குடுத்துடறேன்."

"இசக்கி எத்தனை தரம் கேட்டா?"

"மூணு தரம்."

"மரியாதைக் குறைவாக் கேட்டாளா?"

"இல்லை அம்மா. நான் பழக்கின மாதிரியேதான் கேட்டா."

வடிவம்மை அவர் முகத்தைப் பார்த்தார்.

"அப்போ அவ பாடம் முடிஞ்சுது. உங்க பாடத்தை எப்ப ஆரம்பிக்கப் போறீங்க, சடையப்பரே?"