கொட்டாமல் போன தேனீக்கள்

சிறுமலை அடிவாரத்தில் பேச்சியம்மாள் என்று ஒரு வைத்தியர் இருந்தார். மூட்டு வலி என்று வருகிறவர்களைத் தேனீயால் கொட்ட வைத்து வைத்தியம் பார்ப்பார். வயது முப்பத்துநான்கு. அவருக்கு ஒரே சீடர், சின்னமாயன். வயது அறுபத்தொன்று. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடர் மூத்தவர். அதைப் பற்றி இரண்டு பேருக்குமே கவலை இல்லை.

சீடராவதற்கு முன் அவர் நோயாளி. விரல்கள் இறுகிப்போய், சோறு பிசையக்கூட மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஐந்து மாதம் கொட்டு வாங்கினார். விரல் நிமிர்ந்தது. அன்றைக்குத் தன் கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு இலை முன்னால் உட்கார்ந்து அழுதார். மறுநாளே வந்து, "குருவம்மா, இனி நான் இங்கதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

நன்றி சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குருவுக்கு நன்றி. தேனீப் பெட்டிக்கு நன்றி. பெட்டி செய்த ஆசாரி யாரென்று விசாரித்துப் போய் அவருக்கும் நன்றி.

ஒரு நாள் கேட்டார்.

"குருவம்மா, கொட்டின தேனீ என்ன ஆகும்?"

"கொடுக்கு நம்ம தோல்ல மாட்டிக்கும். வயிறு கிழிஞ்சு செத்துப்போகும்."

"என் கைக்கு எத்தனை செத்திருக்கும்?"

"இருநூறு இருக்கும்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் லூர்துமேரி வந்தார். வத்தலக்குண்டில் துணி தேய்ப்பவர். வலது மணிக்கட்டு வீங்கி, இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியவில்லை. முதல் நாள் குருவே ஒரே ஒரு தேனீயை வைத்துப் பார்த்தார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் போட, ஊசி மருந்து பக்கத்தில் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"எல்லாருக்கும் குணமாகும்னு சொல்ல மாட்டேன். பத்துத் தடவை பார்ப்போம்" என்றார் குரு.

மறுமுறையிலிருந்து சீடர் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு தேனீயை இடுக்கியில் பிடித்து மணிக்கட்டில் வைப்பது அவர் வேலை. கொட்டியதும் கொடுக்கை நகத்தால் வழித்தெடுக்க வேண்டும்.

பத்தாவது தடவை வந்த லூர்துமேரி உள்ளே நுழையவில்லை. வாசலிலேயே நின்றார்.

"டாக்டரம்மா, ஒரு துளிகூடக் குறையல. என் மக பள்ளிக்கூடத்தை விட்டுட்டுப் பெட்டியைத் தூக்குறா. இன்னைக்குப் பார்ப்பேன். அப்புறம் பஸ் ஏற மாட்டேன்."

குரு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கொட்டிய தடிப்பே இல்லை. ஒரு கீறல் மட்டும் இருந்தது.

"கொட்டுறப்ப எப்படி இருந்துச்சு?"

"முதல் நாள் உசுரே போச்சு. அப்புறம் எல்லாம் சும்மா கிள்ளுற மாதிரிதான். இவரு கைராசின்னு நினைச்சேன்."

குரு சீடரைப் பார்த்தார். சீடர் தரையைப் பார்த்தார்.

"கண்டக்டரே, தேனீயை என்ன செஞ்சீங்க?"

"கொட்டுறதுக்குள்ள எடுத்துட்டு, நகத்தால ஒரு கிள்ளு கிள்ளிட்டேன் குருவம்மா. தேனீயைப் பின்னால கறிவேப்பிலைச் செடிகிட்ட விட்டேன். எனக்காக இருநூறு உசுரு போயிருக்கு. ஒரு எட்டையாவது காப்பாத்துவோம்னு..."

"அடப்பாவி மனுசா!" என்றார் லூர்துமேரி. "மூணு வாரமா என்னைக் கிள்ளியா அனுப்பின? அதுக்கு என் புருசன் போதாதா? நான் எதுக்கு பஸ் ஏறி வரணும்?"

குரு சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வாங்க" என்று சீடரைப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

செடியின் அடியில் தேனீக்கள் கிடந்தன. சிலதுக்கு இறக்கை கசங்கியிருந்தது. சிலதுக்கு இடுப்பு நசுங்கியிருந்தது. பாதியை எறும்பு தின்றிருந்தது.

சின்னமாயன் அப்படியே குந்திவிட்டார்.

"மெதுவாத்தானே பிடிச்சேன்."

"உங்க விரலுக்கு எவ்வளவு பலம் வந்திருக்குன்னு உங்களுக்கே தெரியல."

"அப்போ, கொட்டினாலும் சாவு. கொட்டாட்டியும் சாவு."

"ஆமா."

"அவங்க மணிக்கட்டு?"

"அது மட்டும் அப்படியே இருக்கு."

அவர் எழுந்து வாசலுக்கு வந்து, லூர்துமேரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்பிடெல்லாம் வேணாம். கொட்ட விடு" என்று லூர்துமேரி கையை நீட்டினார்.

சின்னமாயன் தேனீயைப் பிடித்து மணிக்கட்டில் வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை.

"அய்யோ மாதாவே!"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லூர்துமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆங், இதுதான் கொட்டு. நாளைக்கழிச்சு வர்றேன். இவரே வைக்கட்டும். இனிமே ஏமாத்த மாட்டாரு."

அதன் பிறகு ஒரு மாதம் வந்தார். கடைசி நாள், கொட்டு வாங்கிவிட்டு எழுந்தவர் சின்னமாயன் முன்னால் வந்து நின்றார்.

"முழுசாப் போகல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா பெட்டியைத் தூக்குறேன். மக திங்கக்கிழமையில இருந்து பள்ளிக்கூடம் போறா. கண்டக்டரய்யா, நீங்க நல்லா இருக்கணும்."

அவர் போன பிறகு சின்னமாயன் குருவிடம் உள்ளங்கையைக் காட்டினார். இப்போது கொட்டிய தேனீ அதில் செத்துக் கிடந்தது.

"அவங்க எனக்கு நன்றி சொல்லிட்டுப் போறாங்க. நான் இதுக்கு எப்படிச் சொல்றது?"

"சொன்னா அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வெளியே நாலு பேரு காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."