வளைந்தபடியே நின்ற பட்டை

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே ரப்பர் ஆய்வுக்கூடத்தில் அல்போன்ஸ் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வழிகாட்டி ரசல்ராஜ். மாணவரைவிட ஆசிரியருக்கு வயது குறைவு. ஆசிரியர் மாணவரை அண்ணாச்சி என்பார், மாணவர் ஆசிரியரை சார் என்பார். அவர்களுக்கு அது பழகிவிட்டது. கேட்பவர்களுக்குத்தான் தலை சுற்றும்.

அல்போன்ஸ் பல வருடம் குடியில் கிடந்தவர். அதை விட்டுவிட்டுத்தான் இங்கே வந்து சேர்ந்தார்.

அன்று அவர் கையில் இரண்டு பட்டைகள் இருந்தன. ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கலந்து நேராக வார்த்தவை. ஒன்றில் ரப்பரைக் கந்தகம் போட்டு வேகவைத்து இறுக்கியிருந்தார், மற்றதில் பெராக்சைடு என்ற ரசாயனம் போட்டு. இப்படிப்பட்ட பட்டையைச் சூட்டில் வளைத்துக் குளிரவைத்தால் வளைந்தபடி நிற்கும். வெந்நீரில் போட்டால் பழைய வடிவம் ஞாபகம் வந்து நேராகிவிடும். எப்படி இறுக்கினால் ஞாபகம் நன்றாக இருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி.

வளைத்து கிளிப் போட்ட பட்டைகளைக் கொஞ்ச நேரம் ஓவனில் வைத்து எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்தாள். பேசி முடித்தவர் வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். ஓவன் ஞாபகம் வந்தபோது சாயங்காலம். எடுத்து ஆறவைத்தார். தங்கை போன் வந்ததைக் கேள்விப்பட்டு ஆசிரியரும் வந்து நின்றார்.

பெராக்சைடு பட்டையை வெந்நீரில் போட்டார் அல்போன்ஸ். யாரும் தொடவில்லை. தூங்கி எழுந்தவர் சோம்பல் முறிப்பது போல அது மெல்ல விரிந்து நேரானது. எத்தனை முறை பார்த்தாலும் அவருக்குப் புல்லரிக்கும். இன்று பயமாகவும் இருந்தது.

"பாத்தீங்களா சார். சூடு பட்டதும் பழையபடியே ஆயிட்டு."

"ஆகும்."

"எவ்வளவு நாள் வளைச்சு வச்சிருந்தாலுமா?"

ஆசிரியர் அவர் முகத்தைப் பார்த்தார். "தங்கச்சி என்ன சொன்னாங்க அண்ணாச்சி?"

"ஞாயித்துக்கிழமை அவ சின்ன மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நீதான் முன்னால நிக்கணும்ங்கா. மூத்தவ கல்யாணத்துல நான் குடிச்சிட்டுப் பந்தலுக்குள்ள விழுந்து கிடந்தவன் சார். பழைய கூட்டாளியெல்லாம் வருவானுவ. இங்க இருக்க வரைக்கும் நான் நல்லாத்தான் இருக்கேன். அங்க போனா என்ன ஆவேன்னு எனக்கே தெரியாது. வரமாட்டேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"அந்த இன்னொரு பட்டையையும் போடுங்க."

கந்தகப் பட்டையைப் போட்டார். அது வளைந்தபடியே கிடந்தது. தண்ணீரைக் கொதிக்கவிட்டும் நேராகவில்லை.

"இது வீணாப் போச்சு சார். ஓவன்ல ரொம்ப நேரம் விட்டுட்டேன்." எடுத்துக் குப்பையில் போடப் போனார்.

ஆசிரியர் அதை வாங்கிக்கொண்டார். சூடு ஆறுமுன் இழுத்து நேராக்கிப் பச்சைத் தண்ணீரில் முக்கினார். வார்த்த அன்று இருந்தது போலவே நேராக நின்றது. அதை மறுபடி வெந்நீரில் விட்டார்.

பட்டை தானாக வளைந்தது.

அல்போன்ஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது பிறந்தது நேராத்தானே சார்?"

"நேராத்தான்."

"பிறகு எப்படி இதைத் தன் வடிவம்னு எடுத்துக்கிட்டு?"

"கந்தகம் ரப்பர் இழைகளுக்குள்ள போட்ட கட்டு, நல்ல சூட்டுல ரொம்ப நேரம் கிடந்தா அவிழும். அவிழ்ந்து, அந்நேரம் எப்படி இருக்கோ அப்படியே திரும்பக் கட்டிக்கும். பெராக்சைடு கட்டு அவிழாது."

"நான் எந்தக் கட்டு சார்?"

"சூட்டுக்குள்ள போகாம அது தெரியாது."

"போனாப் போதுமா? சூடு பட்டா மாறிடுமா?"

"வெறும் சூடு பட்டிருந்தா இதுவும் நேராத்தான் போயிருக்கும். ஓவனுக்குள்ள கிடந்த நேரம் முழுக்க கிளிப் இதை விடல."

அல்போன்ஸ் பட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கல்யாண வீட்டுல எனக்கு ஏது சார் கிளிப்?"

ரசல்ராஜ் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்குப் புறப்படணும்னு சொல்லுங்க அண்ணாச்சி. நானும் வாறேன். பந்தல் பிரிக்கிற வரைக்கும் உங்க பக்கத்து நாற்காலி எனக்கு."