பைக்குள் இல்லாத கை

"கை வரமாட்டேங்கு டீச்சர்."

சீடர் பலவேசம் இப்படி முறையிட்டபோது, குரு ஜெனிட்டா இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

சீடருக்கு நாற்பத்தெட்டு வயது. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். குருவுக்கு இருபத்தாறு. பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் கடையின் மாடியில், படங்களை அசைய வைக்கச் சொல்லித் தருகிறாள். குருவைத் தேடி மலை ஏறினவர்கள் உண்டு. இவர் ஏறியது பதினெட்டுப் படிதான், அதற்கே மூச்சு வாங்கியது.

"காட்டுங்க அண்ணாச்சி."

கம்ப்யூட்டரில் ஒரு குழந்தை வரைந்த அப்பா நின்றார். பென்சில் மீசை. ஊதா கலர் பேன்ட். இரண்டு கைகளும் பேன்ட் பைக்குள்.

"நீங்க சொன்னபடி படத்தை உள்ள கொண்டுவந்து எலும்பு போட்டேன். தோள்ல ஒண்ணு, முழங்கையில ஒண்ணு, மணிக்கட்டுல ஒண்ணு. ஒண்ணோட ஒண்ணு சேத்தும் விட்டேன். கையைத் தூக்குனா பேன்ட்டும் சேந்து வருது."

அந்த மாடியில் கற்றுத்தரும் வித்தை இதுதான். படத்தின் மேல் எலும்பு எலும்பாகக் கோடு வைக்க வேண்டும். எலும்பைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பும்.

ஜெனிட்டா முழங்கை எலும்பைத் திருப்பினாள். ஊதா பேன்ட் ஒரு பக்கமாகக் கிளம்பி மார்பு வரை வந்தது. வயிறு சப்பாத்தி மாவு போல இழுபட்டது. பலவேசத்தால் அதைப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கை எங்க இருக்கு அண்ணாச்சி?"

"பைக்குள்ள."

"யாரு சொன்னா?"

"பாத்தாலே தெரியுதுல்லா."

அவள் பையைச் சுற்றிக் கோடு இழுத்தாள். வெட்டினாள். வெட்டிய பையைத் தள்ளி வைத்தாள்.

பை இருந்த இடத்தில் வெள்ளையாக ஓர் ஓட்டை.

பலவேசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஓட்டைதான்.

"கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் படத்துல இருக்கும் அண்ணாச்சி. மறைஞ்சு கிடக்குறதை நாமதான் வரையணும்."

"எனக்கு வரைய வராதே. நெட்ல ஒரு கையை இறக்கி வச்சிருக்கேன். அதை ஒட்டிருவோமா?"

திறந்து காட்டினார். கொழுகொழுவென்று சிவந்த வெளிநாட்டுக் கை. விரலில் பெரிய மோதிரம் வேறு.

"இது யாரு கை?"

"யாருக்குத் தெரியும்?"

"வரைஞ்ச பிள்ள கேட்டா என்ன சொல்லுவீங்க?"

வரைந்தது அவருடைய மகள் ஆவுடைச்செல்வி. எட்டு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வருகிற திங்கட்கிழமை அவளை வெளியூரில் ஒரு பள்ளி விடுதியில் சேர்க்கிறார்கள். முதல் தடவையாக வீட்டை விட்டுப் போகிறாள். அவள் வரைந்த அப்பா கையைத் தூக்கி, சைகை மொழியில், "பயப்படாத, நான் இருக்கேன்" என்று சொல்கிற மாதிரி ஒரு படம் செய்து கொடுத்துவிட வேண்டும். இதற்காகத்தான் இரண்டு வாரமாகக் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டுப் படியேறிக்கொண்டிருக்கிறார்.

"படம் எதுக்கு அண்ணாச்சி? நீங்களே அவகிட்ட சொல்லலாம்லா?"

"எனக்கு அந்தப் பாஷை தெரியாதும்மா. வீட்டுக்காரிக்குத் தெரியும். நான் அவகிட்ட சொல்லுவேன். அவ கையால பிள்ளைகிட்ட சொல்லுவா."

"எட்டு வருஷமாவா?"

பலவேசம் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"கைக்குழந்தையா இருக்கும்போது, பேச்சுப் பயிற்சி குடுக்குற ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். கையைக் காட்டிப் பேசாதீங்க, கை பேசுனா வாய்ப்பேச்சு வரவே வராதுன்னு சொல்லிட்டாவ. வீட்டுக்காரி ரெண்டு மாசம் கூடத் தாங்கல. கையை ஆட்ட ஆரம்பிச்சிட்டா, பிறகு முறையாப் படிச்சும் வந்துட்டா. நான் பிடிவாதமா இருந்துட்டேன். ஒரே ஒரு தடவை என்னை அப்பான்னு கூப்பிட்டுர மாட்டாளான்னு."

"கூப்பிட்டாளா?"

"இல்ல."

ஜெனிட்டா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பிள்ளை முன்னால போய் நின்னா கை தானா எந்திரிச்சிரும் டீச்சர். அதான் பைக்குள்ள போட்டுக்கிடுவேன். அப்படியே பழகிப்போச்சு."

அந்த மனுஷனை யாரும் குறை சொல்லிவிட வேண்டாம். சொன்ன பேச்சை அவர் அளவுக்குக் கேட்ட தகப்பன் திருநெல்வேலிச் சீமையிலேயே இருக்கமாட்டான். குருவுக்கும் அப்படித்தான் தோன்றியது. குருவாக இருந்துகொண்டு சீடர் முன்னால் அழக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

திரும்பி வந்து சொன்னாள்: "இந்தக் கையை என்னால வரைய முடியாது அண்ணாச்சி. வரைஞ்சவகிட்டயே கேளுங்க."

"வீட்டுக்காரிகிட்ட சொல்லிக் கேக்கச் சொல்லுதேன்."

"கை யாரோடது?"

"என்னோடது."

"அப்ப நீங்க கேளுங்க."

மறுநாள் அவர் படியேறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கக்கூட மறந்துவிட்டார். கையில் ஒரு முழு வெள்ளைத் தாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்படி?"

"படத்தைக் காட்டுனேன். பையைத் தொட்டேன். அதுக்கு மேல என்ன செய்யன்னு தெரியல. ரெண்டு கையையும் இப்படி விரிச்சிட்டு நின்னேன்."

"பிறகு?"

"ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. திருப்பித் திருப்பிப் பாத்தா. உள்ளங்கையைப் பாத்தா, நகத்தைப் பாத்தா. யாரோட கையையோ பாக்க மாதிரி பாத்தா டீச்சர். அப்புறம் தாள் மேல வச்சு அமுக்கி, சுத்தி வரைஞ்சா."

தாளை விரித்தார். ஐந்து விரலும் அகல விரிந்த ஒரு கை. சுண்டுவிரல் ஓரத்தில் பென்சில் வழுக்கியிருந்தது.

"அங்க எனக்குக் கூச்சம் வந்துட்டு. கையை இழுத்துட்டேன். தலையில ஒரு குட்டு வச்சா."

ஜெனிட்டா சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"அதோட விட்டாளா? ஒவ்வொரு விரலா பிடிச்சு மடக்குதா, நீட்டுதா. இப்படி வை, அப்படி வைன்னு. தப்பாப் போட்டா குட்டு. மூணு மணி நேரம்! வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிட வந்தா, பிள்ள அவளைப் போன்னு விரட்டி விட்டுட்டா."

"என்னென்ன வந்துச்சு?"

"அவ பேரு. சோறு. தண்ணி. பயம் இல்ல. நான் இருக்கேன். அர்த்தத்தை மட்டும் வீட்டுக்காரி எட்ட நின்னு சொன்னா." அவர் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். தண்ணீரில் கொஞ்சம் தடுமாறினார்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"கை கிடைச்சிட்டு. ஸ்கேன் பண்ணிச் சின்னதாக்கிருவோம். விரலுக்கு மூணு எலும்பு, கட்டைவிரலுக்கு ரெண்டு. ரெண்டு கைக்கும் சேத்து இருபத்தெட்டு. திங்கக்கிழமைக்குள்ள முடிச்சிரலாம்லா?"

ஜெனிட்டா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பென்சில் மீசைக்காரர் பேன்ட்டில் ஓட்டையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவள் சாஃப்ட்வேரை மூடப்போனாள். செய்த மாற்றங்களைச் சேமிக்கவா என்று அது கேட்டது.

வேண்டாம் என்று அழுத்தினாள்.

"அய்யோ! ரெண்டு வார வேலை டீச்சர்!"

"அந்த விடுதியில வீடியோ கால் உண்டா அண்ணாச்சி?"

"உண்டு. ஞாயித்துக்கிழமை தோறும் கால் மணி நேரம் விடுவாவளாம்."

"அதுல அவகூட யாரு பேசப்போறா?"

பலவேசம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கினார்.