கடைசி எழுத்தில் நாலு சீட்டு

பெயரை மாற்ற முடியாது என்று திரை மூன்றாவது தடவையாகச் சொன்னது. வெள்ளைச்சாமி கீபோர்டைத் தூக்கி மேசையில் ஒரு போடு போட்டார்.

"கையில நாலு சீட்டு இருக்கு. எதுத்தாப்புல ஒரு பொம்பள உக்காந்திருக்கு. எடுத்துக் குடுக்க முடியாதுன்னா இது என்ன எழவு மெஷினு?"

பக்கத்து மேசையில் ஹமீதா ஒரு பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எந்த நாலு சீட்டு அண்ணே?"

வாயை விட்டுவிட்டோம் என்று வெள்ளைச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருக்கிற டிராவல்ஸ் ஆபீஸ் அது. விமான டிக்கெட் போடுகிறவள் ஹமீதா, வயது முப்பது. அவளிடம் வேலை கற்றுக்கொள்கிறவர் வெள்ளைச்சாமி, வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முட்டி தேய்ந்து போனது. நின்றுகொண்டு கிழித்தது போதும், உட்கார்ந்து கிழிப்போம் என்று இங்கே வந்தார். வந்து இரண்டு மாசம் ஆகிறது. ஹமீதாவை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

கண்டக்டருக்குச் சீட்டு என்றால் சீட்டு. காலியாக இருந்தால் ஆள் உட்காரலாம், இல்லையென்றால் நிற்கலாம். இங்கே அப்படி இல்லை. திரையில் ஒரு வரி வரும். ஒய் ஒன்பது, பி ஒன்பது, எம் ஐந்து, வி நாலு. முதல் நாள் அவர் எல்லாவற்றையும் கூட்டி, இருபத்தேழு சீட்டு இருக்கிறது என்றார். ஹமீதா சிரிக்கவில்லை. இந்த ரூமில் மேடம் என்று கூப்பிடுகிற ஆள் எத்தனை பேர் என்று கேட்டாள். ஒருத்தர் என்றார். கூரியர் பையனுக்கு அக்கா எத்தனை பேர் என்றாள். அதுவும் ஒருத்தர்தான். உங்களுக்குத் தங்கச்சி? ஒருத்தர்.

"அப்ப இங்க மூணு பொம்பளைங்களா அண்ணே?"

அன்றோடு கூட்டுவதை நிறுத்தினார். ஒரே சீட்டுதான் எல்லா எழுத்துக்கும் கீழே நிற்கிறது, எழுத்துக்கு எழுத்து விலைதான் வேறு என்பது புரிந்தது. முதல் எழுத்து யானை விலை, கடைசி எழுத்து ஏழைக்கு ஏற்ற விலை. ஒன்பது என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ, அதற்கு மேல் திரை வாய் திறக்காது. பூஜ்யம் என்றால் விமானம் நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த விலைக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம்.

புரிந்தது. கோபம் மட்டும் போகவில்லை. காலி சீட்டை வைத்துக்கொண்டு ஆள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதை அவர் பஸ்ஸில் ஒரு நாளும் செய்ததில்லை.

இப்போது வாசல் பக்கம் பெஞ்சில், உள்ளே பேசுவது பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவள் அடைக்கலமேரி. ஆவூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் சவரிராஜ் கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாஸ்டர். வயிற்றில் கட்டி. வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். நாளைக்கு, வியாழக்கிழமை, திருச்சியிலிருந்து போகிற விமானத்தில் ஏறினால் முந்தின சாயங்காலமே அவன் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசலாம். அடுத்த நாள் விமானம் என்றால் போய்ச் சேரும்போது அவன் கத்திக்குக் கீழே இருப்பான். கடை முதலாளி டிக்கெட்டுக்கு அனுப்பிய பணம் கடைசி எழுத்துக்குத்தான் காணும். அதற்கு மேல் புரட்ட அவளுக்கு வழி இல்லை. கேட்கிற இடமெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

காலை ஒன்பதரைக்கு அவள் போன் பண்ணினாள். ஹமீதா அப்போது வரவில்லை. வெள்ளைச்சாமிதான் எடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வி எழுத்தில் நாலு இருக்கு, உடனே கிளம்பி வாங்க என்றார். பெயரைக் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

அவர் யோசித்தார். அந்தப் பெண் பஸ் பிடித்து வர இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் திருச்சி ஏஜெண்டுகள் நாலையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இவளைப் போல இன்னும் நாலு பேர் ஓடி வருவார்கள், பஸ்ஸில் கடைசி நேரத்தில் எப்போதும் அப்படி வருவார்கள். பணம் கட்டாமல் பெயரை மட்டும் போட்டு ஒரு சீட்டைச் சாயங்காலம் ஐந்து மணி வரை பிடித்து வைக்க முடியும் என்று அவருக்குத் தெரியும். நாலையும் பிடித்தார். பெயருக்கு எங்கே போவது? தன்னோடு ஓடிய நாலு டிரைவர்களின் பெயரைப் போட்டார். அதில் ஒருத்தர் செத்தே போய்விட்டார்.

திரையில் வி பூஜ்யமானது. வெள்ளைச்சாமி டீ சொல்லிக் குடித்தார். மனசு நிறைந்திருந்தது.

இப்போது இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஹமீதா பாஸ்போர்ட்டை மூடி வைத்தாள்.

"இல்லாத ஆளு பேர்ல சீட்டுப் பிடிச்சீங்களா?"

"அந்தப் பொம்பளைக்காகத்தான் பிடிச்சேன்."

"அவங்க பேர்ல பிடிக்கலையே."

"பேரு தெரியாதும்மா. இப்பத் தெரியும். மாத்துன்னா மாத்த மாட்டேங்குது."

"மாத்தாது. ஆள் வேற, சீட்டு வேற ஆக்க அது விடாது. நாலையும் கேன்சல் பண்ணுங்க. அப்புறம் அவங்க பேர்ல புதுசா கேளுங்க."

"கேட்டா வருமா?"

"வரலாம்."

"வராமப் போனா?"

"போகலாம்."

அவருக்கு மண்டை கொதித்தது. இரண்டு மாசமாக இந்தப் பெண் இப்படித்தான் பேசுகிறாள். வரலாம், போகலாம், இருக்கலாம். பஸ்ஸில் இப்படிப் பேசினால் ஜனங்கள் செருப்பைக் கழற்றுவார்கள். என் கையில் இருப்பதை நான் விடுகிறேன், அது நேரே அவள் கைக்குப் போகணும், அதற்கு ஒரு வழி சொல்லத் தெரியாதா, இத்தனை வருஷம் என்னத்தைத்தான் படித்தாய் என்று கேட்டார். கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். பாஸ்போர்ட்டுக்காக நின்றுகொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹமீதாவுக்கும் முகம் சிவந்தது. ஆனால் குரல் ஏறவில்லை.

"எந்திரிங்க அண்ணே."

"எதுக்கு?"

"உங்க சேரு இப்ப அந்தக்காவுக்குன்னு வச்சுக்குங்க. எந்திரிச்சு வெளியில போய் நில்லுங்க. அவங்களைக் கூப்பிடக் கூடாது. வேற யாரையும் உக்காராதேன்னு சொல்லக் கூடாது. விட்டுட்டு மட்டும் போங்க."

சண்டை போடத் தெம்பு இருந்தாலும் அவர் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் மாடிப்படி ஓரம் நின்றார். கீழே திருச்சி பஸ் ஒன்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் இருந்தால் இந்நேரம் ரொப்பியிருப்பேன் என்று நினைத்தார். ஒரு நிமிஷம் கழித்து உள்ளே வந்தார்.

அடைக்கலமேரி பெஞ்சிலேயேதான் இருந்தாள். அவருடைய நாற்காலியில் ஒரு பையன் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து நின்று கால் வலித்தவன். யார் நாற்காலி என்றுகூட அவன் பார்த்திருக்க மாட்டான்.

"எந்திரிடா," என்றார் வெள்ளைச்சாமி.

அவன் பதறிப்போய் எழுந்து ஸாரி சார் என்றான்.

"பாத்தியா டீச்சரம்மா. சொன்னா எந்திரிக்கிறான்."

"அவன் மூஞ்சி உங்களுக்குத் தெரியுது, சொன்னீங்க," என்றாள் ஹமீதா. திரையைக் காட்டினாள். "இங்க யார்ட்ட போய்ச் சொல்லுவீங்க?"

அவர் உட்கார்ந்தார். சரி, பார்த்துவிடுவோம் என்று கறுவிக்கொண்டார். நாலையும் விட அவருக்கு மனசு வரவில்லை. ஒன்றை விட்டுப் பார்ப்போம், வந்தால் அவளுக்கு, வராவிட்டால் மூன்று கையில் இருக்கும். செத்துப்போன டிரைவரின் பெயரை எடுத்தார். கேன்சல் என்று அடித்தார். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அந்த வரியைத் திரும்பக் கூப்பிட்டார்.

வி பூஜ்யம்.

எம் ஐந்தாக இருந்தது ஆறாகியிருந்தது.

வெள்ளைச்சாமி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "இந்தா இருக்கு. என் சீட்டு. மேல ஏறி உக்காந்திருச்சு."

"காலையில கடைசி எழுத்துக்குக் கதவு திறந்திருந்துச்சு. இப்பச் சாத்திட்டாங்க. திரும்பி வர்ற சீட்டு திறந்திருக்குற கதவு வழியாத்தான் போகும்."

"நான் விட்ட சீட்டும்மா அது. காலையில ஏழை விலை, மத்தியானம் யானை விலையா? அதே சீட்டு, அதே ஜன்னலு, அதே சோத்துப் பொட்டலம்."

"அதே சீட்டுதான்."

"அப்ப இவனுக திருடனுக."

"இருக்கலாம்."

அவள் ஆமாம் என்றிருந்தால் அவருக்குக் கோபம் தணிந்திருக்கும். இல்லை என்றிருந்தால் நாலு வசவு கூடச் சொல்லியிருக்கலாம். இருக்கலாம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது. மேசையை மூன்று தடவை குத்தினார். கை வலித்தது.

பிறகு தணிந்த குரலில் கேட்டார். "நான் பிடிக்காம விட்டிருந்தா, அந்தப் பொம்பள வர்ற வரைக்கும் ஒண்ணாச்சும் இருந்திருக்குமா?"

"தெரியாதுண்ணே."

"சும்மா சொல்லும்மா."

"தெரியாததைச் சும்மா எப்படிச் சொல்றது? மிச்சம் மூணையும் விடுங்க."

"அதுவும் மேல ஏறிப் போயிருமே."

"போகட்டும். இல்லாத ஆளு உக்காந்திருக்குற சீட்டு."

அவர் விடவில்லை. மூன்று பெயரும் திரையில் நின்றன. விட்டாலும் அவளுக்கு இல்லை, வைத்துக்கொண்டாலும் அவளுக்கு இல்லை. ஆனாலும் விட்டால் கை காலியாகிவிடும். இருபத்தாறு வருஷம் சீட்டுக் கொடுத்த கை அது.

ஹமீதா தன் திரையில் வெள்ளிக்கிழமை விமானத்தைத் திறந்தாள். அதில் வி இரண்டு இருந்தது. அடைக்கலமேரியின் பாஸ்போர்ட்டைப் பார்த்து, அவள் பெயரை எழுத்து எழுத்தாக அடித்து ஒரு சீட்டுப் போட்டாள். அதைச் சொல்ல அவளே எழுந்து பெஞ்சுக்குப் போனாள். வியாழன் கிடைக்கவில்லை, வெள்ளி கிடைத்திருக்கிறது, உறுதிதான் என்று சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை.

அடைக்கலமேரி அழுவாள் என்று வெள்ளைச்சாமி எதிர்பார்த்தார். திட்டினாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேரே அவருடைய மேசைக்கு வந்தாள். கும்பிட்டாள்.

"அண்ணே, நீங்கதானே காலையில போன்ல பேசுனது? நாலு இருக்கு, உடனே வான்னு அக்கறையாச் சொன்னீங்க. நான்தான் பஸ்ஸு கிடைக்காம நின்னுட்டேன்."

அவர் தலையை ஆட்டினார்.

"அதுக்குள்ள நாலு பேரு எடுத்துட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது. அவங்க அவங்களுக்கு என்ன அவசரமோ. ஒண்ணே ஒண்ணு கேக்குறேண்ணே. அந்த நாலு பேரும் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒருத்தரு நம்பராச்சும் குடுங்க. நான் பேசிப் பாக்குறேன். கால்ல விழுந்து கேக்குறேன். அவரு கத்திக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்குறேன், ஒரு நாள் தள்ளிப் போங்கன்னு கேட்டா, அந்த நாலு பேர்ல ஒருத்தருக்காச்சும் மனசு இரங்காதா?"

நாற்காலியிலிருந்து எழுந்த பையன்கூட செல்போனை இறக்கிவிட்டான்.

வெள்ளைச்சாமி ஹமீதாவைப் பார்த்தார். ஆபீஸ் பெயர் கெட்டுவிடும், ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று பார்த்தார். ரகசியம், வெளியில் சொல்லக்கூடாது, கம்பெனி விதி, ஏதோ ஒன்று. அவள் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்தக்கா உங்களைத்தான் கேக்குறாங்க," என்றாள் ஹமீதா. "யாருன்னு சொல்லுங்க அண்ணே."

அடைக்கலமேரி கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை.

வெள்ளைச்சாமி சொல்லவில்லை.