பிரஷர் காணாது

சீமையில, குராய்டன்ல ஒரு வீட்டுல மூணு இன்ஜினியர் குடியிருந்தாங்க. மூணு பேருக்கும் சேத்து எட்டு சர்டிபிகேட் இருந்துச்சு, ஒரு கட்டிங் பிளேயர் இருந்துச்சு. சர்டிபிகேட் எட்டும் லேமினேட் பண்ணினது. கட்டிங் பிளேயர் யாரோடதுன்னு தெரியாது.

ஒருத்தன் சீராளன், விருத்தாசலத்துக்காரன். இந்தக் கதையில கல்யாணம் ஆகவேண்டியவன் இவன்தான். இன்னொருத்தன் தணிகை. எதைக் கேட்டாலும் யோசிக்காம பதில் சொல்லிடுவான், அதனால அவனைத்தான் மத்த ரெண்டு பேரும் அறிவாளின்னு வச்சிருந்தாங்க. மூணாவது ஃபெலிக்ஸ், மெக்கானிக்கல்ல கோல்டு மெடல். தண்ணி எப்படிக் கொதிக்குதுன்னு கேட்டா நாலு பக்கம் எழுதுவான். ஒரு டம்ளர் வெந்நி வச்சுக் குடுன்னா கைய பிசைவான்.

ஜனவரி மாசம், சனிக்கிழமை. அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு ரெடிங்னு ஒரு ஊர்லேந்து திருவேங்கடம்னு ஒருத்தர் சீராளனைப் பாக்க வர்றாரு. பொண்ணோட அப்பா. பொண்ணு பேரு அமுதினி. சீராளன் அவளை ரெண்டு தடவை வீடியோ கால்ல பாத்திருந்தான். ரெண்டாவது தடவை அவ சிரிச்சா. ஒம்போது ஜாதகம் தட்டிப்போயி, முப்பத்திரண்டு வயசுல வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்புல விழுந்தவன் இன்னும் எந்திரிக்கல.

காலையில எழுந்தா வீடு ஐஸ் பொட்டி மாதிரி இருக்கு. பேசினா வாயிலேந்து புகை வருது. அந்த ஊர்ல கிச்சன் செவுத்துல ஒரு பாய்லர் மாட்டியிருப்பாங்க. அது தண்ணியைச் சூடு பண்ணி ரூம் ரூமா இருக்கற ரேடியேட்டருக்கு அனுப்பும், வீடு கதகதன்னு ஆயிடும். இவங்க வீட்டுப் பாய்லர்ல இருக்கற பிரஷர் மீட்டர்ல முள்ளு அரைக்கும் கீழ படுத்துக்கிடந்துச்சு.

"இந்தக் குளிர்ல அவர் வந்து உக்காந்தா, பொண்ணை இங்க அனுப்புவாராடா?" என்றான் சீராளன்.

"ஓனருக்குப் போன் போடு" என்றான் தணிகை.

ஓனர் கனகசபாபதி யாழ்ப்பாணத்துக்காரர். தங்கமான மனுஷன். அவர் பேசறதும் தமிழ்தான், இவங்க பேசறதும் தமிழ்தான். அன்னைக்கு நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம். அவர் மட்டும் இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா, புரியலைன்னாவது இவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

சீராளன் போனை ஸ்பீக்கர்ல போட்டான். ஃபெலிக்ஸ் ஒரு வார்த்தை விடாம எழுதிக்கிட்டான்.

"தம்பி, நான் ஒரு சாமத்தியவீட்டுக்கு வந்து நிக்கிறன், கெதியாச் சொல்லுங்கோ. முள்ளு எதிலை நிக்குது?"

"அரைக்கும் கீழ, அங்கிள்."

"அப்ப பிரஷர் காணாது. பயப்பிடாதையுங்கோ. முதல்லை பாய்லரை நிப்பாட்டுங்கோ. மேல் ரூம் ரேடியேட்டருக்குள்ளை காத்து நிக்குது. அதுக்கு ஒரு திறப்பு இருக்கு. திறப்பைப் போட்டுத் திறவுங்கோ, தண்ணி வந்த உடனை பூட்டுங்கோ. பேந்து பாய்லருக்குக் கீழை ரெண்டு கறுப்புத் திருகி கிடக்கு. அதுகளை ஆறுதலாத் திறந்து, முள்ளு ஒண்டரைக்கு வந்த உடனை பூட்டுங்கோ. அவ்வளவுதான். வடிவா விளங்கினதோ?"

"விளங்குச்சு அங்கிள்."

போன் கட். சாமத்தியவீடுன்னா மஞ்ச நீராட்டு விழா; அந்த மேளச் சத்தத்துல இனிமே அவர் எடுக்கவும் மாட்டாரு.

மூணு பேரும் பேப்பரைச் சுத்தி உக்காந்தாங்க. முதல் வரி: பிரஷர் காணாது. யாழ்ப்பாணத்துல காணாதுன்னா பத்தாதுன்னு அர்த்தம். விருத்தாசலத்துல அப்படி இல்ல.

"காணாம போயிருக்கு" என்றான் சீராளன்.

"கடைசியா யார் பாத்தது?" தணிகை மிரட்டற மாதிரி கேட்டான்.

"வியாழக்கிழமை இருந்துச்சு. நான் குளிச்சப்ப இருந்துச்சு" என்றான் சீராளன்.

"நீ குளிச்சதுதான் கடைசியா? அப்ப நீதான் பதில் சொல்லணும்."

சோபாவுக்கு அடியில பாத்தாங்க. மாடிப்படிக்குக் கீழ பாத்தாங்க. ஃபெலிக்ஸ் குப்பைத்தொட்டியைக் கவுத்தான். பிரஷர் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே தேட முடியும்னு சீராளன் கேட்டதுக்கு, பிரஷர்ங்கறது பரப்பளவால வகுத்த விசைன்னு சொல்லிட்டு, ஃபெலிக்ஸ் பழைய சாம்பார் டப்பாவைத் தூக்கிப் பாத்தான்.

மணி பதினொண்ணு ஆனப்புறம்தான் பேப்பர்ல அடுத்த வரி தணிகை கண்ணுல பட்டுச்சு.

"டேய், எங்க இருக்குன்னு அவரே சொல்லியிருக்காரு. ரேடியேட்டருக்குள்ள காத்து நிக்குதாம்."

"யாருக்கு?"

"நமக்குத்தான். போயிக் கூப்புடற வரைக்கும் அது காத்துத்தான நிக்கும்?"

சீராளனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வியாழக்கிழமையிலேந்து தனியா நிக்குது பாவம்.

பாய்லரை நிப்பாட்டணும்னு ஒரு வரி இருந்துச்சே, அதை அப்படியே தாண்டிட்டாங்க. செவுத்துல நின்னுகிட்டு இருக்கறதை இன்னும் எப்படி நிப்பாட்டறதுன்னு தணிகை கேட்டான். நியாயமாத்தான் பட்டுச்சு.

மேல் ரூமுக்குப் போனாங்க. ரேடியேட்டருக்குப் பக்கத்துல ஒரு ஆணி, ஆணியில சின்னதா ஒரு பித்தளைச் சாவி தொங்குச்சு. யாழ்ப்பாணத்துல சாவிக்குத்தான் திறப்புன்னு பேரு. அது அவங்க மூக்குக்கு நேரா ஆடிக்கிட்டிருந்துச்சு.

"திறப்பைப் போட்டுத் திறக்கணும்னு இருக்கு" என்றான் ஃபெலிக்ஸ். "திறப்பு விழாவா?"

"பின்ன என்ன? இலங்கைக்காரங்க எதையும் முறையா செய்வாங்க" என்றான் தணிகை.

ஸ்வீட் பாக்ஸ்ல வந்த செவப்பு ரிப்பனை எடுத்து ரேடியேட்டருக்குக் குறுக்க கட்டினாங்க. ஒரு முனையைக் கட்ட ஆணி வேணும், சாவி இடைஞ்சலா இருந்துச்சு. ஃபெலிக்ஸ் அதைக் கழட்டி ஜன்னல் வழியா வெளிய போட்டான்.

அடுத்த பிரச்சினை, சிறப்பு விருந்தினர். மூணு பேர்ல யாரு வெட்டறதுன்னு முடிவு பண்ணவே மணி மூணு ஆயிடுச்சு. காலேஜ் விழாவுல மந்திரிக்கு மைக் எடுத்துக் குடுத்த அனுபவம் தணிகைக்கு இருந்துச்சு. அவனே வெட்டினான். ரெண்டு வார்த்தையும் பேசினான். மத்த ரெண்டு பேரும் கை தட்டினாங்க, குளிருக்கும் நல்லா இருந்துச்சு.

ரிப்பன் அறுந்துச்சே தவிர ரேடியேட்டர் திறக்கல. கட்டிங் பிளேயரைப் போட்டு ஓரத்துல இருந்த திருகை ஃபெலிக்ஸ் திருகினான். புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு.

"ஐயோ, பிரஷர் போவுதுடா. ஜன்னலைச் சாத்து" சீராளன் பதறினான்.

"புடிச்சு பாய்லருக்குக் கொண்டுபோகணும்" என்றான் கோல்டு மெடல்.

அஞ்சு கிலோ பாசுமதி அரிசி கவரைக் கொண்டாந்து வாயைத் திருகுகிட்ட வச்சுப் புடிச்சான் சீராளன். கவர் கொஞ்சம் கொஞ்சமா உப்புச்சு. அவன் மூஞ்சியும் கூடவே உப்பிக்கிட்டு வந்துச்சு. காத்து முடிஞ்சதும், ரேடியேட்டருக்குள்ள பத்து வருஷமா ஊறின கறுப்புத் தண்ணி பீச்சி அடிச்சுது. சாயங்காலத்துக்குன்னு இஸ்திரி போட்டு மாட்டியிருந்த சந்தனக் கலர் சட்டை, மூஞ்சி, முன்தலை, எல்லாம் கறுப்பு.

"கவரை விட்றாதடா" தணிகை கத்தினான். அவன் விடல.

ஃபெலிக்ஸ் திருகை இறுக்கினான். மூணு பேரும் கவரைப் பிள்ளைத்தாச்சியைக் கூட்டிட்டுப் போற மாதிரி படி படியா இறக்கிக் கிச்சனுக்குக் கொண்டு வந்து, பாய்லர்கிட்ட வச்சு வாயை அவுத்தாங்க. கவர் சுருங்குச்சு. முள்ளு அசையல. காத்து போனதால இருந்த கொஞ்சமும் இறங்கி, சைபர்ல குப்புறப் படுத்துடுச்சு.

"மனசு உடைஞ்சு போயிருக்கு. அதான் ஆறுதலா திறக்கச் சொல்லியிருக்காரு" என்றான் தணிகை.

ஆறுதலான்னா யாழ்ப்பாணத்துல நிதானமான்னு அர்த்தம். மூணு பேரும் பாய்லர் முன்னாடி துக்க வீட்டுல நிக்கற மாதிரி கைய கட்டிக்கிட்டு நின்னாங்க.

"விடுப்பா. இருக்கறதும் போறதும் நம்ம கையிலயா இருக்கு?" தணிகை ஆரம்பிச்சான்.

"நீ தைரியமா இருந்தாத்தான் கீழ இருக்கற ரேடியேட்டரெல்லாம் தைரியமா இருக்கும்" என்றான் ஃபெலிக்ஸ், ரெண்டு கறுப்புத் திருகியையும் திருப்பிக்கிட்டே.

சீராளன் பாய்லரைத் தடவிக் குடுத்தான். "எனக்கும்தான் ஒம்போது ஜாதகம் போச்சு. நான் நிக்கல? நீயும் நில்லு."

உள்ள சலசலன்னு சத்தம் கேட்டுச்சு. முள்ளு மெதுவா ஏறுச்சு. அரை. முக்கால். ஒண்ணு.

"கேக்குதுடா" சீராளன் குரல் தழுதழுத்துச்சு. "நம்ம பேச்சைக் கேக்குது."

ஒண்ணரைக்கு வந்துச்சு. அங்க மூடியிருந்தா இந்தக் கதையே இல்ல. ஆனா பேப்பர்ல பூட்டுங்கோன்னு எழுதியிருந்துச்சு. சொன்னது சொன்னபடி செய்யறவங்க இவங்க. பூட்டு தேடி மூணு பேரும் மூணு பக்கம் ஓடினாங்க.

சீராளனோட சூட்கேஸ்ல ஒரு பூட்டு இருந்துச்சு, சாவி விருத்தாசலத்துல இருந்துச்சு. தணிகை சைக்கிள் பூட்டைக் கொண்டாந்தான். அதைத் திருகியில எங்க மாட்டறதுன்னு ஒரு விவாதம். முள்ளு ரெண்டு, ரெண்டரை, மூணு. மூணைத் தொட்டதும், கூடுதல் தண்ணியை வெளிய தள்ள செவுத்துல விட்டிருக்கற பைப் வேலை செஞ்சுது. அது வாசக்கதவுக்குப் பக்கத்துல இருந்துச்சு. கதவுக்கு முன்னாடி, நாலு மணின்னா நாலு மணிக்கு, திருவேங்கடம் நின்னுகிட்டிருந்தாரு.

காலிங் பெல் சத்தம் கேட்டதும் தணிகை, சைக்கிள் பூட்டு மாட்ட ரெண்டு கையும் வேணும்னு, திறந்துகிடந்த திருகி ரெண்டையும் இடைஞ்சல்னு ஓரமா திருப்பி விட்டான். தண்ணி நின்னுடுச்சு. முள்ளு மூணுகிட்டயே நின்னுடுச்சு. பாய்லர் உறுமிக்கிட்டு எரிய ஆரம்பிச்சுது. பத்து நிமிஷத்துல வீடு கதகதன்னு ஆச்சு. எப்படின்னு கேட்டா மூணு பேருக்கும் தெரியாது, ஆனா மூணு பேருக்கும் பெருமை.

திருவேங்கடம் சாக்ஸைக் கழட்டி ரேடியேட்டர்ல காயப்போட்டுட்டு, காபியைக் குடிச்சுக்கிட்டே சீராளனை ஏற இறங்கப் பாத்தாரு. சட்டை மாத்திட்டான், கழுத்துல மட்டும் கறுப்பு போகல.

"வீடு நல்லா இருக்கு தம்பி. சூடா இருக்கு" என்றாரு. சீராளன் மனசுல மேளம் கொட்டிடுச்சு. "ஒண்ணு நேராவே கேட்டுடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பிரஷர் ஏதாவது இருக்கா?"

இதைக் கேப்பாருன்னு சீராளன் எதிர்பாக்கவே இல்ல. கேட்டதும் சந்தோஷம் தாங்கல.

"காலையில சுத்தமா இல்ல அங்கிள். சைபர். மத்தியானத்துக்கு மேல ஏறுச்சு. நீங்க வந்து பெல் அடிச்ச நேரம் உச்சத்துல இருந்துச்சு."

திருவேங்கடம் டம்ளரைக் கீழ வச்சாரு. "எத்தனை நாளா?"

"வியாழக்கிழமை குளிச்சதுலேந்து."

"மாத்திரை சாப்பிடறீங்களா?"

"மாத்திரையா? அதெல்லாம் வேணாம் அங்கிள். பக்கத்துல நின்னு ஆறுதலா நாலு வார்த்தை சொன்னாப் போதும், ஏறி வந்துடுது. நாங்க மூணு பேரும் மாத்தி மாத்திச் சொல்றோம். கல்யாணத்துக்கு அப்புறம் அமுதினியும் ஒரு கை குடுத்தா நல்லா இருக்கும்."

"உள்ள காத்து வேற இருந்துச்சு அங்கிள்" ஃபெலிக்ஸ் விட்டுப்போனதைச் சேத்தான். "அதை அரிசி கவர்ல புடிச்சு இறக்கிட்டோம்."

திருவேங்கடம் எந்திரிச்சாரு. ஈர சாக்ஸை எடுத்து மாட்டினாரு. "தம்பி, மனசு நோகக்கூடாது. பிரஷர் இருக்கற இடத்துல பொண்ணு குடுக்கறதில்லைன்னு எங்க வீட்டுல ஒரு முடிவோட இருக்கோம்" என்றாரு. கதவு சாத்திக்கிச்சு.

சீராளன் சோபாவுல சரிஞ்சான். பத்தாவது ஜாதகம்.

அப்புறம் தணிகை பேசினான்.

"அவர் என்ன சொன்னாரு? பிரஷர் இருக்கற இடத்துல குடுக்க மாட்டேன்னாரு. அப்ப இல்லாத இடத்துல குடுப்பேன்னுதான அர்த்தம்?"

ஃபெலிக்ஸ் யோசிச்சான். "கணக்கு சரியாத்தான் வருது."

"காலையில இந்த வீட்டுல பிரஷர் இருந்துச்சா? இல்ல. பொண்ணு குடுக்கற மாதிரி இருந்த வீட்டை நம்மளே கெடுத்துட்டோம்."

சீராளன் துள்ளி எந்திரிச்சான். கட்டிங் பிளேயரை எடுத்தாங்க. இந்தத் தடவை வீட்டுல இருந்த மூணு ரேடியேட்டரையும் திறந்தாங்க. கறுப்புத் தண்ணியைப் பக்கெட் பக்கெட்டாப் புடிச்சு வெளிய கொண்டுபோயி ஊத்தினாங்க. முள்ளு இறங்கி, சைபருக்கு வந்து, சத்தமே இல்லாம படுத்துடுச்சு. வீடு பழையபடி ஐஸ் பொட்டி. மூணு பேரும் கம்பளியைப் போத்திக்கிட்டாங்க.

மாப்பிள்ளையே போன் பண்ணினா மரியாதையா இருக்காது. தணிகை பண்ணினான்.

"அங்கிள், சீராளன் வீட்டுலேந்து பேசறேன். பிரஷர் இறங்கிடுச்சு அங்கிள். இறங்கி இறங்கி இப்ப சைபர் ஆயிடுச்சு. எல்லாம் முடிஞ்சுது. ஆமா அங்கிள், நீங்க கெளம்பின கையோட. இல்ல இல்ல, சூடே இல்ல, ஜில்லுன்னு ஆயிடுச்சு... எப்ப எடுக்கறோமா? எடுத்தாச்சு அங்கிள். மூணு பக்கெட்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே இருந்தான். போனை வச்சான். மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"என்னடா சொல்றாரு?" சீராளன் பல்லு கிட்டிக்கிட்டே கேட்டான்.

"அழுதுட்டாருடா மனுஷன். அவசரப்பட்டுப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்கன்னாரு. பொண்ணும் பக்கத்துலேந்து அழறா. அம்மா, அப்பா, பொண்ணு, மூணு பேரும் மாலை வாங்கிக்கிட்டு இப்பவே கெளம்பி வர்றாங்களாம்."

சீராளன் வேற எதுவும் கேக்கல. தலை வாரிக்க ஓடினான்.